36 மணி நேரக் கடி

ஸ்பானிஷ் மொழியில் 'மோர்தீதா' என்று ஒரு வார்த்தை. நேர் அர்த்தம், கடி. பழத்தை ஒரு வாய் கடித்தாலும் மோர்தீதாதான். போலீஸ்காரர் உங்கள் பர்ஸை ஒரு வாய் கடித்தாலும் அதேதான். மெக்சிகோவில் லஞ்சத்துக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் இது. (நம்மூரில் 'கடி' என்றால் வேறு சமாசாரம். சட்டைப்பைக்கு ஆபத்தில்லை, காதுக்குத்தான்!)

நாம் இதற்கு வைத்திருக்கும் பெயர் மாமூல். அரபு மொழியில் புறப்பட்டு, உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த சொல். 'வழக்கமானது' என்று பொருள். யோசித்துப் பார்த்தால் இரண்டு பெயர்களும் இரண்டு வகையான வசூலைச் சொல்கின்றன. மாமூல் என்பது கடைக்காரர் மாதாமாதம் கொடுப்பது. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் முகம் தெரியும், தொகையும் தெரியும். கடி அப்படியல்ல. இன்று வந்து நாளை போய்விடுகிற ஆள் மேல் ஒரே ஒரு முறை பல் பதிப்பது. உள்ளூர்க்காரனுக்கு மாமூல், வெளியூர்க்காரனுக்குக் கடி!

இரண்டையும் ஒரே தெருவில் பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்றே ஓர் ஊர் இருந்தது. டிஹுவானா. அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்துக்குக் கீழே, எல்லைக் கோட்டில் மூக்கை உரசிக்கொண்டு நிற்கும் மெக்சிகோ நகரம்.

சனிக்கிழமை ராத்திரி. சான் டியேகோவிலிருந்து ஒரு பையன் எல்லை தாண்டி வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 19. கலிஃபோர்னியாவில் 21 ஆகாமல் பீர் வாங்க முடியாது. இங்கே 18 போதும். 'அவெனிதா ரெவொலூஸியோன்' என்ற பிரதான வீதியில் நாலு பாரில் ஏறி இறங்கிவிட்டு, எல்லையை நோக்கிக் கொஞ்சம் கோணலாக நடக்கிறான். இரண்டு போலீஸ்காரர்கள் வழிமறிக்கிறார்கள். அடிதடி இல்லை, அதட்டல்கூட இல்லை.

"தம்பி, குடிச்சிட்டு ரோட்ல நடக்கறது குத்தம், தெரியுமில்ல?"

பையன் முழிக்கிறான்.

"ஸ்டேஷனுக்கு வரணும். ஜட்ஜ் வந்து பார்ப்பாரு. இப்ப இல்ல... நாளைக்கு ஆகலாம். திங்கட்கிழமைகூட ஆகலாம்."

ஒரு பெருமூச்சு. ஏதோ அவன் மேல் பரிதாபப்படுகிற மாதிரி ஒரு பார்வை.

"உனக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். அபராதத்தை இங்கேயே கட்டிட்டா முடிஞ்சுது."

கவனியுங்கள். லஞ்சம் என்ற வார்த்தையே வரவில்லை. பையனே பர்ஸைத் திறக்கிறான். இருப்பது இருபது டாலரோ இருநூறு டாலரோ, பர்ஸில் எவ்வளவோ அதுதான் அபராதம். ரசீது? அதையெல்லாம் கேட்கக்கூடாது!

இதில் பெரிய வேடிக்கை, போலீஸ்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை என்பதுதான். மெக்சிகோ அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு, இந்த மாதிரி சில்லறைத் தப்புகளுக்கு அபராதம் போடலாம், இல்லையென்றால் 36 மணி நேரம்வரை காவலில் வைக்கலாம் என்கிறது. அதற்கென்றே முனிசிபல் நீதிபதிகள் உண்டு. நியாயமான சட்டம்தான். பெரிய வழக்கு, வக்கீல், வாய்தா எதுவும் வேண்டாம் என்பதற்காக வந்தது. அதையே திருப்பிப் பிடித்தால் ஆயுதமாகிவிடுகிறது. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகவேண்டிய ஆளுக்கு 36 மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய தொகை! அந்தத் தெருவில் போலீஸ்காரர் விற்றது அந்த நேரத்தைத்தான். வாடிக்கையாளரின் சொந்த நேரத்தை அவருக்கே விற்பது!

இன்னொரு சரக்கும் கைவசம் உண்டு. வெட்கம். ஊர் திரும்பிய பிறகு புகார் எழுதினால் முதல் கேள்வி என்ன? 'அந்த நேரத்தில் அந்தத் தெருவில் உமக்கு என்ன வேலை?' கடற்படைச் சிப்பாய் என்றால் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். கல்யாணமானவர் என்றால்... சரி, விடுங்கள். தூதரக ஆட்களும் அனுபவசாலிகளும் சொன்ன யோசனை எளிமையானது. 'பணத்தைத் தெருவில் கொடுக்காதே. ஸ்டேஷனுக்கே வருகிறேன், அங்கே கட்டி ரசீது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்.' பல சமயம் இதைச் சொன்னதுமே போலீஸ்காரருக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு, பாஷை தெரியாத ஊரில், நாலு பீர் உள்ளே போன நிலையில் இதைச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

இந்த ஊர் எப்படி இப்படி ஆனது என்பதுதான் சுவாரஸ்யமான கதை. போலீஸ்காரர்களின் பேராசை என்று ஒரு வரியில் முடித்துவிட முடியாது.

1848-ல் போரில் தோற்ற மெக்சிகோ, கலிஃபோர்னியாவை அமெரிக்காவுக்குத் தாரைவார்த்தது. புதிய எல்லைக்கோட்டுக்குக் கீழே மாட்டுப் பண்ணைகள்தான் இருந்தன. டிஹுவானா ஊர் பிறந்ததாகக் கொண்டாடப்படும் வருடம் 1889. அதற்குப் பிறகும் ரொம்ப நாள் அது குக்கிராமம்தான். 1920-ல்கூட ஜனத்தொகை சுமார் ஆயிரம்.

இதற்கிடையே மேலே கலிஃபோர்னியாவில் ஒழுக்கப் புயல் அடித்தது. 1909-ல் குதிரைப் பந்தயச் சூதாட்டத்துக்குத் தடை. 1913-ல் சிவப்பு விளக்கு விடுதிகளை மூடச் சட்டம். கடைசியில் 1920-ல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கே வந்துவிட்டது. நல்லவர்கள் கைதட்டினார்கள். மற்றவர்கள் தெற்கே திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கே எஸ்தெபான் காந்த்தூ என்ற ராணுவ அதிகாரி காத்திருந்தார். 1915-லிருந்து 1920 வரை அந்தப் பகுதியின் ஆளுநர். மெக்சிகோவில் புரட்சி நடந்துகொண்டிருந்த நேரம். தலைநகரம் எங்கேயோ இருக்கிறது, அங்கேயிருந்து இந்தப் பகுதிக்கு ரயில் பாதைகூட இல்லை. (அது 1948-ல்தான் வந்தது!) சிப்பாய்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? காந்த்தூ கண்டுபிடித்த வழி சுலபமானது. சூதாட்டமா? நடத்திக்கொள், வரி கட்டு. விபசார விடுதியா? வரி கட்டு. அபினா? அதற்கும் கட்டு. அந்தப் பணத்தில் ரோடு போட்டார், பள்ளிக்கூடம் கட்டினார். மனிதரைக் கெட்டவர் என்று உடனே சொல்லிவிடவும் முடியவில்லை. ஆனால் ஓர் அரசாங்கமே மேஜை போட்டு உட்கார்ந்து மாமூல் வாங்கினால், தெருமுனையில் நிற்கும் கான்ஸ்டபிள் என்ன பாடம் கற்றுக்கொள்வார்?

1916-ம் வருடம், ஜனவரி 1. டிஹுவானாவில் குதிரைப் பந்தய மைதானம் திறந்தார்கள். அதே மாதத்தில் பேய் மழை, வெள்ளம். மைதானம் சின்னாபின்னம். (சான் டியேகோ நகரசபை, மழை பெய்ய வைப்பதாகச் சொன்ன ஹாட்ஃபீல்ட் என்பவரிடம் அப்போதுதான் பேரம் பேசியிருந்தது. அது தனிக் கதை!) சில மாதங்களில் மைதானம் மறுபடி எழுந்து நின்றது.

மதுவிலக்கு வந்த வருடம், ஜூலை 4. அமெரிக்கச் சுதந்திர தினம். அன்று ஒரே நாளில் 65,000 அமெரிக்கர்கள் எல்லை தாண்டி வந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். ஆயிரம் பேர் வசிக்கும் ஊருக்கு! சுதந்திரத்தை வேறு எப்படித்தான் கொண்டாடுவார்கள், பாவம். 1924-ல் அதேபோல் ஒரு ஜூலை 4 கூட்டத்தில் சமையல் சாமான் தீர்ந்துபோக, சீஸர் கார்டினி என்ற இத்தாலிக்காரர் கையில் இருந்த கீரையையும் முட்டையையும் வைத்துச் செய்ததுதான் இன்று ஸ்டார் ஹோட்டல்களில் கிடைக்கும் 'சீஸர் சாலட்' என்பார்கள்.

காந்த்தூவை விரட்ட வந்த தளபதி அபெலார்தோ ரோத்ரிகெஸ். 1923-ல் அவரே ஆளுநரானார். காந்த்தூ செய்ததையே இன்னும் பெரிதாகச் செய்தார். அவர் காலத்தில், 1928-ல் திறக்கப்பட்டது 'அகுவா காலியெந்தே' என்ற மாபெரும் சூதாட்ட மாளிகை. ஹாலிவுட்டே அங்கே குடியிருந்தது. பிற்பாடு ரீட்டா ஹேவொர்த் என்று உலகமே கொண்டாடிய நடிகை, பள்ளிக்கூட வயதில் அப்பாவோடு அங்கே மேடையேறி ஆடியிருக்கிறார். மாளிகையின் முதலாளிகள் மூன்று பேர். மூவருமே அமெரிக்கர்கள்! 'எல்லைப் பிரபுக்கள்' என்று பத்திரிகைகள் பட்டமே கொடுத்திருந்தன. டிஹுவானாவின் லாபம் பெரும்பாலும் வந்த வழியே வடக்கே போனது. ரோத்ரிகெஸ் 1932-ல் மெக்சிகோவின் ஜனாதிபதியே ஆகிவிட்டார்.

இந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே 1926 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. சான் டியேகோவிலிருந்து ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். விடுமுறைக்கு டிஹுவானா வந்தார்கள். பானத்தில் மயக்க மருந்து கலந்து கொடுத்துப் பெண்களைச் சீரழித்துவிட்டார்கள் என்பது புகார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் ஒரு பார் முதலாளி. இன்னொருவர் யார் தெரியுமா? டிஹுவானா நகரத்தின் போலீஸ் தலைவர். பாதுகாப்புக்கு எந்த வாசலுக்குப் போயிருக்க வேண்டுமோ, அந்த வாசலே அடைத்துவிட்டது. வீடு திரும்பிய குடும்பம் அவமானம் தாங்காமல் தற்கொலை செய்துகொண்டது. நாலு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அமெரிக்கா கொந்தளித்தது. மெக்சிகோ அரசும் கைதுகள் செய்தது, விசாரணை நடத்தியது. முடிவில் போலீஸ் தலைவர் உட்பட அனைவரும் விடுதலை. சாட்சி சொல்ல வேண்டியவர்கள்தான் உயிரோடு இல்லையே.

அமெரிக்க அரசு செய்த முக்கியமான காரியம் ஒன்று. அதுவரை ராத்திரி 9 மணிக்குப் பூட்டிய எல்லைக் கதவை மாலை 6 மணிக்கே பூட்டியது. அதாவது, போகிறவன் சீக்கிரம் வீடு திரும்பவேண்டும். பார் முதலாளிகள் பதறினார்கள். கதவை மறுபடி எப்போது தாமதமாகப் பூட்டுவது என்பதில்தான் அடுத்த சில வருடங்கள் பேரமே நடந்தது. டிஹுவானா போலீஸ் எப்படி நடக்கிறது என்பது பேச்சிலிருந்து மெல்ல நழுவிவிட்டது.

1933-ல் மதுவிலக்கு போனது. 1935-ல் ஜனாதிபதி லாஸரோ கார்தெனாஸ் சூதாட்டத்தைத் தடை செய்தார். அகுவா காலியெந்தே பள்ளிக்கூடமானது. ஊருக்கு அத்தோடு விமோசனம் வந்ததா? இல்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது. சான் டியேகோ முழுக்கக் கடற்படை. சம்பளம் வாங்கிய இளம் சிப்பாய்கள் சனிக்கிழமை எங்கே போவார்கள்?

கடித்த காசு கான்ஸ்டபிள் பையிலேயே தங்கிவிடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். மெக்சிகோ போலீஸில் நல்ல ரோந்துப் பகுதி வேண்டுமென்றால் மேலே கப்பம் கட்டவேண்டும் என்பது ஊரறிந்த ஏற்பாடு. அது எவ்வளவு உயரம் போகும் என்பதற்குத் தலைநகரில் ஓர் உதாரணம் உண்டு. 1976-லிருந்து 1982 வரை மெக்சிகோ சிட்டி போலீஸ் தலைவராக இருந்த அர்த்தூரோ துராஸோ. கடற்கரையில் கிரேக்கக் கோயில் மாதிரி ஒரு பங்களா கட்டிக்கொண்டார். மக்கள் அதற்கு 'பார்த்தெனான்' என்றே பெயர் வைத்தார்கள். சம்பளத்தில் அதன் ஒரு தூணைக்கூட நிறுத்தியிருக்க முடியாது! பிறகு வெளிநாட்டுக்கு ஓடி, பிடிபட்டு, 1986-ல் திருப்பி அனுப்பப்பட்டு ஜெயிலுக்குப் போனார்.

டிஹுவானா மக்களுக்கு இந்தக் கதைகள் எரிச்சலைத் தரும். 'கறுப்புப் புராணம்' என்று இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். நியாயம்தான். பாரை நடத்தியவர், குடித்தவர், லாபத்தை எடுத்துப்போனவர் எல்லாரும் வடக்கே இருக்க, பாவம் மட்டும் தெற்கே எழுதப்பட்டது. எல்லையூர்ப் போலீஸ் ஊழலை வைத்து ஆர்ஸன் வெல்ஸ் 1958-ல் எடுத்த 'டச் ஆஃப் ஈவில்' படத்தில், கறைபடிந்த போலீஸ் அதிகாரி ஓர் அமெரிக்கர். அந்த நேர்மைக்காகவே அந்தப் படத்தை எனக்குப் பிடிக்கும்.

2007 ஜனவரியில் கதை உச்சத்துக்குப் போனது. போதைக் கும்பல்களோடு கூட்டு என்ற சந்தேகத்தில், ஜனாதிபதி ஃபெலிபே கால்தெரோன் அனுப்பிய ராணுவம் டிஹுவானா போலீஸாரின் துப்பாக்கிகளை மொத்தமாகப் பறித்துச் சோதனைக்கு அனுப்பியது. சுமார் 2,300 போலீஸார் வெறுங்கையோடு நின்றார்கள். சுற்றுலாத் தெருக்களில் ரோந்து போன சிலருக்குக் கையில் கொடுக்கப்பட்டது என்ன தெரியுமா? உண்டிவில்! மாங்காய் அடிப்போமே, அதே! சில வாரங்களில் துப்பாக்கிகள் திரும்ப வந்தன.

2008-ல் கும்பல் சண்டை உச்சமடைந்து, ரெவொலூஸியோன் வீதியில் அமெரிக்கக் கூட்டம் காணாமல் போனது. அதே வருடம் போலீஸ் பொறுப்புக்கு வந்த ஹூலியான் லெய்ஸாவோலா என்ற முன்னாள் ராணுவ அதிகாரி, நூற்றுக்கணக்கான போலீஸாரை வெளியேற்றினார். சொந்தப் போலீஸாரையே சித்திரவதை செய்தார் என்று அவர் மேலேயே புகார்கள் குவிந்தன. வீதியில் காலியான கடைகளை உள்ளூர் இளைஞர்கள் எடுத்து ஓவியக் கூடங்களும் சின்னச் சின்ன மதுக்கூடங்களும் திறந்தார்கள்.

கடி நிற்கவில்லை. ஆள்தான் மாறியது. எல்லைக் கதவிலிருந்து கூப்பிடு தூரத்தில் டிஹுவானா ஆற்றின் சிமென்ட் கால்வாய். 'எல் போர்தோ' என்பார்கள். அமெரிக்கா நாடுகடத்திய மெக்சிகர்கள் அதற்குள் குழி தோண்டியும் தார்ப்பாய் கட்டியும் வாழ்ந்தார்கள். 2013-ல் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது 700 முதல் 1,000 பேர். பல வருடங்கள் அமெரிக்காவில் உழைத்தவர்கள். சிலருக்கு ஸ்பானிஷைவிட ஆங்கிலம் சரளம். சொந்த நாட்டிலேயே வெளிநாட்டுக்காரர்கள். அடையாள அட்டை இல்லை என்று போலீஸ் பிடித்துப்போகிறது, கையில் இருந்த காசும் காகிதமும் திரும்பி வருவதில்லை என்று அவர்கள் ஆய்வாளர்களிடம் சொன்னார்கள். ஸ்டேஷனில் அதே முனிசிபல் நீதிபதி, அதே 36 மணி நேரம். வெளியே வந்து கால்வாய்க்குத் திரும்பினால், மறுபடி பிடிப்பார்கள். இவர்களுக்குப் புகார் எழுதத் தூதரகம் கிடையாது. திங்கட்கிழமை போக வேலையும் கிடையாது.

2015 மார்ச்சில் போலீஸார் வந்து கால்வாயைக் காலி செய்தார்கள்.