தந்தை எழுதிய மடல்

1841 ஆம் ஆண்டு. இங்கிலாந்து நாட்டு டன்பிரிட்ஜ் நகரில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்றொரு மருத்துவர் இருந்தார். ஊரார் பிணி தீர்த்தவர், தம் சொந்த மகனின் பிணி இன்னதென்று அறியாமல் கலங்கி நின்றார். ஓராண்டுகூட நிரம்பாத குழந்தை. திடீரெனத் தலை முழங்காலை நோக்கிக் குனியும், நிமிரும், மறுபடியும் குனியும். ஒரே வேளையில் பத்து முறை, இருபது முறை! அட்டை விட்டார், பேதிக்குக் கொடுத்தார், ஈற்றைக் கீறினார், அபினும் ஊட்டினார். இலண்டன் மாநகரின் பெரிய மருத்துவர்களையும் நாடினார். பலனில்லை. இறுதியில் 'லான்செட்' மருத்துவ இதழுக்கு மடல் எழுதினார்: எவரேனும் இதனை அறிவீரோ, வழி கூறுவீரோ என்று.

தந்தையே மருத்துவர், தலைநகரத்து அறிஞர்களோ துணைக்கு இருந்தனர். எனினும் அக்குழந்தைக்கு ஏன் உதவி கிட்டவில்லை? அன்பு குறைந்ததாலா? இல்லை. குழந்தையின் மூளையை முறையாகக் கற்றவர் அன்று எவருமிலர். அதுதான் காரணம்.

குழந்தை, சிறிய அளவில் அமைந்த பெரியவன் அன்று. உள்ளங்காலைக் கீறிப் பாருங்கள். கைக்குழந்தையின் பெருவிரல் மேல்நோக்கி எழும்; அது இயல்பு. வளர்ந்தவனுக்கு அவ்வாறு எழுந்தால், மூளையிலோ தண்டுவடத்திலோ கேடு உண்டென்பதற்கு அறிகுறி! ஒரே அசைவு, வயதுக்கேற்ப இருவேறு பொருள். வளரும் மூளையைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அத்தகைய பயிற்சிக்கு அடித்தளம் அமெரிக்காவில் எழுந்தது. 1889 இல் பால்டிமோர் நகரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஆஸ்லர், ஹால்ஸ்டெட் ஆகிய பேரறிஞர்கள் புதுமுறை ஒன்றை வகுத்தனர். பட்டம் பெற்ற இளைஞர் மருத்துவமனையிலேயே உறைவர். நோயாளியின் அருகிருந்தே கற்பர். ஆண்டுக்கு ஆண்டு பொறுப்பு கூடும். அதனாற்றான் அவர்கள் 'ரெசிடென்ட்' எனப்பட்டனர். ஏட்டறிவு கையறிவாயிற்று.

ஆனால் குழந்தை நரம்பியல் அங்கும் உடனே இடம் பெற்றுவிடவில்லை. பெர்னார்ட் சாக்ஸ் 1895 இலேயே குழந்தைகளின் நரம்பு நோய்கள் குறித்துப் பெருநூல் எழுதினார். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் குரோதர்ஸ் உழைத்தார். ஹாப்கின்சில் பணியாற்றிய பிராங்க் போர்டின் நூல் 1937 இல் வெளிவந்தது. தனி மனிதர் ஆற்றல் பெரிது. ஆனால் தனி மனிதர் எத்தனை தொட்டிலருகே நிற்க இயலும்? குழந்தை மருத்துவர் நரம்பியல் அறியார்; நரம்பியலார் குழந்தையை அறியார். இரண்டுக்கும் நடுவே கிடந்தது, பேசத் தெரியாத பிள்ளை!

1950 இல் அமெரிக்க அரசு நரம்பு நோய்களுக்கென ஒரு தேசிய ஆய்வு நிறுவனம் கண்டது. மக்கள் வரிப்பணம், மருத்துவரைப் பயிற்றவும் செலவிடப்பட்டது. நியூயார்க்கில் சிட்னி கார்ட்டர் போன்றோர் இளைஞர்களை உருவாக்கினர். 1960களின் இறுதியில் இத்துறைக்குத் தனித் தகுதித் தேர்வு வந்தது. 1972 இல் குழந்தை நரம்பியல் கழகமும் அமைந்தது. இன்று அங்கு இப்பயிற்சி ஐந்தாண்டு. முதல் இரண்டாண்டு பொதுக் குழந்தை மருத்துவம். அடுத்த மூன்றாண்டு நரம்பியல். அதில் ஓராண்டு வளர்ந்தோரின் நோய்களுக்கே உரியது. ஏன்? "இடக்கை மரத்துவிட்டது" என்று வளர்ந்தவன் வாய்விட்டுச் சொல்வான். குழந்தை அழத்தான் அறியும். சொல்பவனிடம் கற்றுத் தேர்ந்தவனே, சொல்லாததையும் கண்டறிவான்.

வெஸ்டின் மடலுக்கு விடை என்ன ஆயிற்று? 1952 இல் அந்நோயின் மூளை மின்னலைப் பதிவுக்குத் தனிப்பெயர் கிட்டியது. 1958 இல் ஏ.சி.டி.எச். எனும் சுரப்பு மருந்து அவ்வலிப்பை அடக்கும் என்று கண்டனர். இடையே ஓடியவை 117 ஆண்டுகள்! எனினும் மருந்து கிடைத்தால் போதுமா? காலம் தாழ்ந்தால் பிள்ளையின் அறிவு வளர்ச்சி குன்றும். வயிற்று வலி என்றும், வெறும் திடுக்கிடல் என்றும் எண்ணி வாரங்களைக் கழிக்காமல், கண்டவுடன் கண்டுகொள்ளும் கண் வேண்டும். அந்தக் கண்ணைத் தருவதே பயிற்சி.

நம் நாட்டிலும் எம்.டி. முடித்தோர்க்கு மூன்றாண்டு டி.எம். படிப்பாக இத்துறை கற்பிக்கப்படுகிறது. டில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் அது உண்டு. ஆனால் வலிப்பு கண்ட கையில் இரும்பைத் திணிக்கும் வழக்கம் இன்னும் மாளவில்லையே! வலிப்பு தெய்வச் செயலன்று, மூளையில் எழும் நோய் என்று கிரேக்க மருத்துவ நூலொன்று கூறி ஏறத்தாழ 2400 ஆண்டுகள் ஆகின்றன.

பிறரை மட்டும் குறை கூறுவானேன்? ஆசிரியத் தொழில் புரியும் நாமும் சற்று எண்ணிப் பார்ப்போம். பாடத்தின் நடுவே சில நொடி விழி நிலைத்து, பின் ஏதும் அறியாதவன்போல் விழிக்கும் மாணவனைக் கண்டதில்லையா? 'பராக்குப் பார்ப்பவன்' என்று வைததில்லையா? அதுவும் வலிப்பின் ஒரு வகையாக இருக்கக்கூடும். அடிக்க ஓங்கிய கை, அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். அங்கே, கற்றுத் தேர்ந்த ஒருவர் காத்திருக்க வேண்டும். அத்தகையோரை உருவாக்குங்கள் என்று அரசை நோக்கிக் கேட்கும் குரல், நம் குரலாக இருக்கட்டும்!