மிஸ் ஷில்லிங்கின் ஓட்டை

பெரிய டர்போ பூட்டி, பெரிய இன்ஜெக்டர் போட்டுவிட்டு, "அண்ணா, கறுப்புப் புகை வருது, பெற்றோல் மணக்குது, பிளக் எல்லாம் கரி பிடிச்சுக் கிடக்குது, ஆனா எஞ்சின் இழுக்குதில்லை" என்று என்னிடம் வரும் தம்பிமார் இருக்கிறார்கள். தங்கச்சிமாரும்தான். அவர்களுடைய எஞ்சின் 'ரிச்' ஆக ஓடுகிறது, அதாவது உள்ளே போகும் காற்றுக்குத் தேவையானதைவிட அதிக எரிபொருள் போகிறது. உடனே எல்லோரும் செய்ய நினைப்பது லாப்டாப்பைத் திறந்து எரிபொருளைக் குறைப்பதைத்தான். கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன் ஒரு போர்க்காலக் கதை இருக்கிறது.

கணக்கு முதலில். 1 கிராம் பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். முழு வேகத்தில் ஓடும் எஞ்சினுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக, 12.5 அல்லது 13க்கு 1 என்ற அளவில் கொடுப்பார்கள். அது சக்தியைக் கூட்டும், எரியறையின் சூட்டையும் தணிக்கும். ஆகவே ரிச் என்றாலே பிழை இல்லை. எல்லை தாண்டினால்தான் சக்தி விழும். இன்னும் தாண்டினால், பிளக் பொறி விட்டாலும் கலவை பற்றாது, எஞ்சின் நின்றுவிடும்.

தெருவில் நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். வானத்தில் நின்றால்?

1940இல் பிரித்தானிய விமானிகளுக்கு நடந்தது அதுதான். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் இரண்டிலும் இருந்தது றோல்ஸ் றோய்ஸ் மெர்லின் எஞ்சின்: 12 சிலிண்டர், 27 லீற்றர், ஆயிரம் குதிரைச் சக்திக்கு மேல். அதற்கு எரிபொருள் கொடுத்தது கார்புரேட்டர். எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109இலோ டைம்லர் பென்ஸ் எஞ்சின். அதில் எரிபொருள் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சப்பட்டது. பின்னால் ஸ்பிட்ஃபயர் துரத்தி வருகிறது என்றால் ஜெர்மன் விமானி கட்டுப்பாட்டுத் தண்டை முன்னால் தள்ளி மூக்குக் குப்புறப் பாய்வான். அதே மாதிரிப் பாய்ந்தால் ஸ்பிட்ஃபயர் முதலில் இருமும், பிறகு கறுப்புப் புகை கக்கும், சில வேளை எஞ்சினே நின்றுவிடும். எதிரி தப்பிவிடுவான். நமது விமானி துரத்தப்படுகிறவனாக இருந்தால், தப்பும் வழி அடைபட்டுவிடும். விமானத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பிறகு பாய்ந்தால் எஞ்சின் நிற்காது. ஆனால் புரட்டும் நேரத்தை எதிரி கொடுக்க மாட்டான்.

றோல்ஸ் றோய்ஸ் பொறியியலாளர்கள் மடையர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கார்புரேட்டரில் பெற்றோல் ஆவியாகும்போது காற்று குளிரும், குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, அதனால் சக்தி கூடும். அந்த லாபத்துக்காகத் தெரிந்தே எடுத்த முடிவு அது. விலைதான் வேறொரு இடத்தில் வந்து விழுந்தது.

அந்த கார்புரேட்டருக்குள் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உள்ளே ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்தில் மிதவை. பெற்றோல் குறைந்தால் மிதவை இறங்கி வால்வைத் திறக்கும், நிறைந்தால் ஏறி மூடும். கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் அதே ஏற்பாடு. விமானம் சட்டென்று கீழே பாயும்போது உள்ளே இருப்பதெல்லாம் மேல்நோக்கிப் போகும். பெற்றோலும் கிண்ணத்தின் கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும். அடியில் இருக்கும் குழாய்வாய்க்கு எதுவும் கிடைக்காது, எஞ்சின் ஒரு கணம் பட்டினி கிடக்கும். முதல் இருமல் அது.

அடுத்த கணம்தான் ஆபத்து. மிதவை இப்போது தலைகீழான உலகத்தில் இருக்கிறது. அது அடிக்குப் போய்விடுகிறது. அடியில் மிதவை என்றால் கிண்ணம் காலி என்று பொருள். வால்வு முழுதாகத் திறக்கிறது, பம்ப் தன் பலம் முழுவதையும் கொண்டு பெற்றோலைத் தள்ளுகிறது. கிண்ணம் நிரம்பி வழிந்து எஞ்சினை மூழ்கடிக்கிறது. கறுப்புப் புகை அங்கிருந்துதான் வந்தது. பட்டினி கிடக்கிறது என்று மிதவை சொன்ன பொய்யை வால்வு நம்பியது, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து கண்டவர் பீயட்ரிஸ் ஷில்லிங். 1909இல் பிறந்தவர். இறைச்சிக்கடைக்காரரின் மகள். 14 வயதிலேயே மோட்டார் சைக்கிள் வாங்கியவர். மான்செஸ்டரில் மின் பொறியியல் படித்து, பிறகு இயந்திரப் பொறியியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பொறியியல் வகுப்பில் பெண்களைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்த காலம் அது. புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நோர்ட்டன் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 100 மைலுக்கு மேல் சுற்றித் தங்க நட்சத்திரப் பட்டயம் வாங்கியவர். 1936இல் ஃபார்ன்பரோவில் இருந்த அரச விமான ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

எரிபொருள் முறையையே மாற்றுவது சரியான தீர்வுதான், ஆனால் அதற்கு வருடக்கணக்காகும். விமானங்களைச் சண்டையிலிருந்து விலக்கவும் முடியாது. ஷில்லிங் கேள்வியைச் சுருக்கினார். மெர்லின் எஞ்சின் உச்ச சக்தியில் ஓடும்போது அதிகபட்சம் எவ்வளவு பெற்றோல் குடிக்கும்? சரியாக அந்த அளவை மட்டும் விடும் ஒரு துளை. தையற்காரர் விரலில் மாட்டும் குப்பியைப் போன்ற ஒரு பித்தளைத் துண்டு, நடுவில் ஓட்டை. பின்னர் அது இன்னும் எளிமையாகி வெறும் தட்டை வாஷர் ஆனது. அதை எரிபொருள் குழாயில் வைத்தார்கள். இனி மிதவை எவ்வளவு பொய் சொன்னாலும், பம்ப் எவ்வளவு தள்ளினாலும், எஞ்சின் எரிக்கக்கூடிய அளவுக்கு மேல் ஒரு சொட்டும் கூடப் போகாது. எங்கள் ஐடி வேலையில் சேர்வரைக் கோரிக்கைகள் மூழ்கடிக்காமல் 'ரேட் லிமிட்' போடுவோமே, அதேதான். அவர் அதை 80 வருடத்துக்கு முன்னரே பித்தளையில் செய்துவிட்டார்.

1941இன் தொடக்கத்தில் ஒரு சிறு குழுவோடு விமானத் தளம் தளமாகப் போய் அவரே அதைப் பொருத்தினார். மார்ச் மாதத்துக்குள் போர் விமானப் பிரிவு முழுவதிலும் பொருத்தி முடிந்தது. படையினர் அதற்கு வைத்த பட்டப்பெயர்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. ஆண்கள் கூடிச் சிரித்த இரட்டை அர்த்தப் பகிடி. 1938இலேயே அவருக்குத் திருமணமாகிவிட்டது என்பதைக்கூட யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை, ஆனால் வரலாற்றில் நிலைத்தது அதுதான்.

முதல் இருமலை அந்த வாஷர் நிறுத்தவில்லை. அதற்கு, மிதவையே இல்லாத அழுத்தக் கார்புரேட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எஞ்சின் மூழ்கி நிற்பது மட்டும் அதோடு தீர்ந்தது.

இனி உங்கள் காருக்கு வருவோம். அதில் மிதவை இல்லை. பதிலாக சென்சர்கள் இருக்கின்றன. புகைக்குழாயில் இருக்கும் ஒக்சிஜன் சென்சர் 1976இல் பாஷ் தயாரித்து வோல்வோ கார்களில் வந்தது. கலவை சரியா என்று எஞ்சின் கணினிக்குச் சொல்வது அதன் வேலை. சென்சருக்கு முன்னால் குழாய் மூட்டில் ஒரு சிறு கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே வரும். சென்சர் ஒக்சிஜனைக் கண்டு, "எரிபொருள் போதாது" என்று சொல்லும். கணினி நம்பி இன்னும் ஊற்றும். ஒரு பிளக் பற்றாமல் விட்டாலும் எரியாத ஒக்சிஜன் வந்து இதே பொய் பிறக்கும். எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சர் பழுதாகி எப்போதும் 'குளிர்' என்று காட்டினால், குளிர்கால அதிகாலையில் ஸ்டார்ட் செய்ததைப் போல எரிபொருள் கொட்டும். பெரிய இன்ஜெக்டரைப் போட்டுவிட்டு அதன் அளவைக் கணினிக்குச் சொல்லாமல் விட்டாலும் கதை அதேதான்.

பொய் அப்படியே இருக்க மேப்பில் மட்டும் எரிபொருளைக் குறைத்தால், பொய் நின்ற ஒரு நாளில் கலவை வறண்டுபோகும். டர்போ எஞ்சினில் முழு அழுத்தத்தில் அது நடந்தால் பிஸ்டன் உருகும். ரிச் ஆக ஓடும் எஞ்சின் பிளக்கையும் கட்டலிற்றிக் கன்வேட்டரையும் மெதுவாகக் கெடுக்கும். வறண்ட எஞ்சின் சில விநாடிகளில் செத்துப்போகும்.

ஆகவே முதலில் கசிவைத் தேடுங்கள். பிறகு எரிபொருள் அழுத்தத்தை அளவுமானி வைத்துப் பாருங்கள், அழுத்த ரெகுலேட்டர் பழுதா என்று தெரிந்துவிடும். எஞ்சின் நன்றாகச் சூடான பின் சூட்டு சென்சர் என்ன எண் சொல்கிறது என்று பாருங்கள். புகை எப்போது வருகிறது, ஐடிலிலா, பூஸ்ட் ஏறும்போதா, காலை எடுத்ததுமா என்று எழுதி வையுங்கள். இவ்வளவும் சரியாக இருந்து, அப்போதும் புகை கறுப்பாக வந்தால், லாப்டாப்பைத் திறக்கலாம்.