கண் மைக்குள் ஒரு விளக்கு

எங்கள் வீட்டில் அகல் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்து, விளக்கெண்ணெயில் குழைத்துக் குழந்தைகளுக்கு மை இடுவார்கள். பள்ளியில் பிரெஞ்சில் அதற்கு 'நுவார் த ஃபுமே', அதாவது புகைக் கறுப்பு, என்று படித்தோம். அந்தக் கறுப்பு வெளிச்சம் தரும் என்று வாத்தியார் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

2004இல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினா பல்கலைக்கழகத்தில் கார்பன் நுண்குழல்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். வேண்டியது குழல். கூடவே பிரிந்து வந்த கசடு, புற ஊதா ஒளியில் நீலப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஒளிர்ந்தது. 2006இல் அதே மாநிலத்துக் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் யா-பிங் சுன் குழுவினர் இத்தகைய துகள்களுக்குக் 'கார்பன் புள்ளிகள்' என்று பெயர் வைத்தார்கள். 2007இல் பர்டியூ பல்கலைக்கழகத்தார் மெழுகுவத்திக் கரியிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்பீர்கள். நம் செல்களுக்கு இரும்பு, தாமிரம், துத்தநாகம் எல்லாம் அளவோடு வேண்டும். பாதரசம் கூடவே கூடாது. எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, திசுவை அமிலத்தில் கரைத்து அளப்பது பழைய வழி. கணக்கு கிடைக்கும்போது செல் உயிரோடு இருக்காது. 1985இல் ரோஜர் சியன் குழுவினர் வெளியிட்ட ஃபியூரா-2 என்ற சாயம், உயிருள்ள செல்லுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்கச் செய்தது. பிறகு வந்த குவாண்டம் புள்ளிகள் இன்னும் பளிச்சென்று ஒளிர்ந்தன. ஆனால் அவற்றில் பலவும் காட்மியத்தால் ஆனவை. விஷத்தைத் தேட விஷத்தையே அனுப்புவதா?

அங்கேதான் கரிக்கு மவுசு வந்தது. கார்பன் புள்ளியை செல்லுக்குள் விட்டு நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அதன் மேற்பரப்பில் இரும்பு அயனியோ பாதரச அயனியோ ஒட்டினால் ஒளி மங்கும். எவ்வளவு மங்கியது என்பதே கணக்கு.

ஆனால் அமிலத்தன்மை மாறினாலும் ஒளி மாறலாம். வேறு உலோகமும் குறுக்கிடலாம். அதனால் சிலர் இரண்டு நிறம் ஒளிரும்படி செய்கிறார்கள். ஒன்று மங்கும், மற்றது அப்படியே இருக்கும். விகிதத்தைப் பார்த்தால் பிழை குறையும். இரண்டு பேரேடுகளை ஒத்துப் பார்த்தே காலம் தள்ளிய எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்தது.

இவை பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடச் சங்கதிதான். பேரப்பிள்ளைகள் யாரும் மை டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் புற ஊதா விளக்கடியில் வைக்க வேண்டாம். பர்டியூக்காரர்களே கரியை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்த பிறகுதான் அது ஒளிர்ந்தது.