புனே காத்த ஊமைப்படம்

தென்னாட்டின் முதல் கதைப்படமாகிய ‘கீசக வத’த்தை 1910-களின் இறுதியில் எடுத்த நடராஜ முதலியார், படப்பிடிப்புக் கலையைக் கற்றது இந்நகரில், ஸ்டூவர்ட் என்னும் ஆங்கிலேயரிடம் என்பதை நம்மில் பலர் அறியோம். கற்ற கலை சென்னையில் மலர்ந்தது. மலர்ந்த படமோ இன்று இல்லை. 1931-இல் ‘காளிதாஸ்’ வழியே முதல் பேசும்பட நாயகியான டி. பி. ராஜலட்சுமி, அதற்குமுன் ஊமைப்படங்களில் கண்ணாலும் கையாலும் பேசிய திறத்தையும் நாம் காண வழியில்லை. வெள்ளி எடுப்பதற்கென்றே பழஞ்சுருள்களை அழித்த நாடு இது!

தென்னகத்தில் எஞ்சியது, அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலின் சுந்தர்ராஜ் தயாரித்து, பி. வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே. 1933-இல் திருவனந்தபுரத்தில் அது திரைக்கு வந்ததும், மூல நாவலின் பதிப்பகத்தார் உரிமை வழக்குத் தொடுத்தனர். படம் முடங்கிற்று, தயாரிப்பாளர் பெரும்பொருள் இழந்தார். ஆயினும், ஊரூராக ஓடித் தேய்ந்திருக்க வேண்டிய படச்சுருள், வழக்கின் பயனாகப் பதிப்பகத்தாரிடமே தங்கிவிட்டது. வழக்கும் ஒருவகைக் காவல் போலும்!

அதனை 1974-இல் மீட்டது, 1964-இல் இங்கு நிறுவப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். அதனை வளர்த்த பி. கே. நாயர், பால்கேயின் ‘காளிய மர்த்தன’த்தையும் தேடிச் சேர்த்தவர். நாம் அன்றாடம் கடந்து செல்லும் சட்டக் கல்லூரிச் சாலையில்தான் அக்காப்பகம் இருக்கிறது.