கிட்டம் சிமெண்டான வரலாறு

இரும்பை உருக்கும் ஊதுலையில் இரும்புக் கனியமும் கல்கரியும் மட்டும் இடப்படுவதில்லை. சுண்ணாம்புக்கல்லும் உடன் இடப்படுகிறது. கனியத்திலுள்ள சிலிகாவையும் அலுமினாவையும் அச்சுண்ணாம்பு பற்றிக்கொண்டு உருகி, இரும்புக் குழம்பின்மேல் மிதக்கிறது. இதுவே கிட்டம். கொல்லன் உலைக்களத்தில் வழங்கிய பழஞ்சொல் இது. கசடு என்று இன்று பலர் எழுதுவதினும் எனக்கு இதுவே உகந்ததாகத் தோன்றுகிறது.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இரும்புத்தொழில் பெருகப் பெருக, ஆலைகளைச் சுற்றிக் கிட்டமேடுகளும் எழுந்தன. 1862இல் ஜெர்மனியில் எமில் லாங்கன் என்பவர் ஓர் அரிய உண்மையைக் கண்டார். உருகிய கிட்டம் மெல்ல ஆறினால் படிகமாகி வெறுங்கல்லாகிறது. நீரைப் பாய்ச்சித் திடீரெனக் குளிர்வித்தாலோ, படிகமாவதற்கு நேரமின்றிக் கண்ணாடித் தன்மையுள்ள மணலாகிறது. அதனைப் பொடித்துச் சுண்ணாம்புடன் குழைத்தால், நீருக்கடியிலும் இறுகுகிறது.

1882இல் கோத்தார்டு ப்ரூசிங் என்பார் இப்பொடியைப் போர்ட்லண்டு சிமெண்டுடன் கலந்தார். சிமெண்டு நீருடன் சேரும்போது வெளிப்படும் சுண்ணாம்பே கிட்டத்தைத் தூண்டி இறுகச் செய்துவிடும். ஆனால், சிமெண்டு உற்பத்தியாளர் பலர் இதனைக் கலப்படம் என்று எதிர்த்தனர். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பாலில் நீர் கலப்போர் வாழும் உலகம் இது. வாங்குபவன் கண்ணுக்கு எல்லாம் சாம்பல்நிறப் பொடிதானே! மேலும், கிட்டச் சிமெண்டு தொடக்க நாட்களில் வலிமை குன்றியே இருக்கும். வாரங்கள் செல்லச் செல்லவே மற்றதனை எட்டிப் பிடிக்கும். ஒரு வாரத்திலேயே தீர்ப்புக் கூறியிருந்தால் அது தோற்றிருக்கும். வழக்குத் தீர நெடுங்காலம் சென்றது. கிட்டம் குறைவாகச் சேர்ந்த வகை 1909இலும், மிகுதியாகச் சேர்ந்த வகை 1917இலுமே ஜெர்மனியில் தர ஏற்புப் பெற்றன. நம் நாட்டில் இதற்கான தரவிதி 1953இல் வெளிவந்தது. இன்றைய விதிப்படி நூற்றுக்கு 25 முதல் 70 பங்குவரை கிட்டம் சேரலாம்.

மெல்ல இறுகுவதால் வெப்பம் குறைவாகவே எழும்; ஆதலின் பருத்த கான்கிரீட்டில் வெடிப்பு விழும் அச்சம் குறைகிறது. கடல்நீரின் அரிப்பையும் அது நன்கு தாங்கும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு ஒரு டன் கிளிங்கர் ஆக்குவதில் ஏறத்தாழ 0.8 டன் கரியமிலவாயு வெளிப்படுகிறது என்பதால், இன்று இக்கலவைக்கு மதிப்புக் கூடியுள்ளது.

மாணவர்கள் ஒன்றை மயங்கலாகாது. மேடுகளில் மெல்ல ஆறிக் கிடக்கும் பழங்கிட்டம் சிமெண்டுக்கு உதவாது. அதனை உடைத்துச் சாலைக்கு ஜல்லியாக இடலாம், அவ்வளவே.