பர்மா தேக்கும் பெட்டிப் பலகையும்

ஒரகடத்தில் எங்கள் வீட்டுச் சாய்வு நாற்காலி பர்மா தேக்கு. 1852-ல் ஆங்கிலேயர் ரங்கூனைப் பிடித்தபின் கப்பல் கப்பலாகச் சென்னையில் வந்திறங்கிய மரம். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் வரத்து நின்றது. 1998-ல் எங்கள் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. இப்போது இந்தப் பக்கம் அதுபோன்ற கம்பெனிகளுக்குச் சரக்கு வரும் பெட்டிகளைப் பிரித்த பைன் பலகையில்தான் பெஞ்சும் கட்டிலும். மலிவுதான், கரையானுக்கும் பிடிக்கும்.

நாற்காலியில் எனாமல் பெயின்ட் அடுக்கடுக்காக இருந்தது. சுரண்டியெடுத்து, 80, 120, 220 என்று உப்புத்தாளை மாற்றி, ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் கீறல் பாலிஷில் பல்லிளிக்கும். பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கைத் துணிப்பொதியில் தொட்டு, மெல்லிசாகப் பல கை.

கால் ஆடினால் பழைய மர ஆணியை எடுத்துவிட்டுப் புது மர ஆணியே அடியுங்கள். இரும்பு வேண்டாம், துருப்பிடித்து மரத்தைக் கறுப்பாக்கிவிடும்.