கொண்டை இழந்த சேவல்

கோழிப்பண்ணைகளால் பெயர் பெற்றது நாமக்கல் சமவெளி. கோடிக்கணக்கான முட்டைகள் லாரிகளில் ஏறிப் பல மாநிலங்களுக்குச் செல்லும் மண் இது. இம்மண்ணைச் சேர்ந்த நண்பர் ஒருவர், ஐம்பது வயதைக் கடந்த வணிகர், அண்மையில் ஓர் இரத்தப் பரிசோதனைச் சீட்டை நம்மிடம் காட்டினார். டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஆண்மைச் சுரப்பு குறைவு என அதில் குறிக்கப்பட்டிருந்தது. ஊசி போட்டுக்கொள்ளலாமா, வேண்டாமா? வீட்டாரிடம் கேட்கவும் கூச்சம் தரும் வினா அது. விடை காண நாம் வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டியதாயிற்று. அவ்வரலாறும் ஒரு கோழிக் கூட்டிலேயே தொடங்குகிறது.

1849 ஆம் ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்னும் அறிஞர் 6 இளஞ்சேவல்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். விதை நீக்கப்பட்ட சேவலுக்குக் கொண்டை சுருங்கும். அது கூவுதலையும் சண்டையையும் மறக்கும். இஃது உழவர் அறிந்ததே. பெர்தோல்ட், நீக்கிய விதையைச் சில சேவல்களின் வயிற்றுக்குள் வைத்துத் தைத்தார். பழைய நரம்புத் தொடர்பு அற்றுப்போன நிலையிலும் அவற்றின் கொண்டை சிவந்து வளர்ந்தது, அவை கூவின, போரிட்டன. விதையிலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் ஆணை செலுத்துகிறது என்பதற்கு அன்று சான்று கிடைத்தது.

உண்மையின் பின்னே ஆசையும் வந்தது. மொரிசியசுத் தீவில் பிறந்த பிரௌன்-செக்கார் என்னும் புகழ்மிக்க மருத்துவர், 1889 இல், தம் 72 ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, இளமை திரும்பிற்று எனப் பாரிசில் அறிவித்தார். உலகெங்கும் அச்சாறு விலைபோயிற்று. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவருடைய முறைப்படியே சாறு எடுத்துச் சோதித்து, பயன் தரும் அளவு டெஸ்டோஸ்டெரோன் அதில் இல்லை என 2002 இல் வெளியிட்டனர். பேரறிஞர் ஒருவரையே நம்பிக்கை ஏமாற்றியிருந்தது! 1920களில் வோரனாஃப் என்பவர் குரங்கின் விதைத் துண்டுகளை மனிதருக்கு ஒட்டிப் பெரும் பொருள் ஈட்டினார். அதுவும் பொய்த்தது.

டெஸ்டோஸ்டெரோனைத் தனியே பிரித்தெடுத்துப் பெயரிட்டவர்கள் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், ஆண்டு 1935. அதே ஆண்டில் பூட்டனாண்ட், ருசிக்கா ஆகிய இருவரும் அதனைச் செயற்கையாக ஆக்கும் வழியைத் தனித்தனியே கண்டனர். 1939 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவ்விருவருக்கும் அறிவிக்கப்பட்டது. மருந்து அன்றே கிடைத்துவிட்டது. அது யாருக்குத் தேவை என்பதை அறியத்தான் நெடுங்காலம் பிடித்தது.

நம் நாட்டுக் கதையும் நினைவுகூரத்தக்கது. மக்கம் சென்று யாக்கோபு எனப் பெயர் பெற்றார் என்று மரபு கூறும் இராமதேவர் சித்தர் வரிசையில் வைத்துப் போற்றப்படுபவர். கொல்லிமலை மூலிகைக்கும் பெயர் பெற்றது. அம்மரபின் பெயரைச் சொல்லியே, 'இழந்த சக்தியை மீட்போம்' எனும் சுவரொட்டிகள் பேருந்து நிலையங்களை இன்றும் நிறைக்கின்றன. இத்தகைய விளம்பரங்களைத் தடுக்க 1954 இலேயே மத்திய அரசு சட்டம் இயற்றிற்று. யூனானி மருந்துகளால் நம் இல்லங்கள் அறிந்த ஹம்தர்த் தவாகானா அதனை எதிர்த்து வழக்காடியது. உச்ச நீதிமன்றம் 1959 டிசம்பரில் சட்டத்தின் சில பகுதிகளை நீக்கியபோதிலும், இத்தகைய மருந்து விளம்பரங்களைத் தடைசெய்வது பேச்சுரிமைக்கு முரணன்று எனத் தீர்ப்பளித்தது.

இனி நண்பரின் வினாவுக்கு வருவோம். இச்சுரப்பு நாளின் வேளைக்கேற்பக் கூடிக் குறைவது; காலையில் மிகுந்தும் மாலையில் தாழ்ந்தும் நிற்கும். நண்பரோ பிற்பகலில், உணவு உண்டபின், ஒரே முறை இரத்தம் கொடுத்திருந்தார்! 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 300 நானோகிராமுக்குக் குறைவு என அதிகாலையில் இரு வேறு நாட்களில் தெரிந்து, குறிகளும் உடன் இருந்தாலே குறைபாடு எனக் கொள்ள வேண்டும் என்பது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2018 ஆம் ஆண்டு நெறி. உடற்பருமன், சர்க்கரை நோய், உறக்கக் குறைவு ஆகியவையும் அளவைத் தாழ்த்தும். அவற்றைச் சீர்செய்யின் அளவு உயர்வதும் உண்டு. பிட்யூட்டரி நோயோ விதையின் நோயோ காரணமாயின், ஊசி அவருக்கு வாழ்வின் தேவையே ஆகும். அதில் கூச்சத்துக்கு இடமில்லை.

பயன் எத்துணை? 65 வயது கடந்த 790 ஆடவரிடம் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வில், தாம்பத்திய நாட்டம் ஓரளவு கூடிற்று; சோர்வு நீங்கியதாகத் தெளிவாகப் புலப்படவில்லை. இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள 5000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2023 இல் வெளியான ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் மிகவில்லை. எனினும் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் இரத்தக் கட்டும் சற்றே மிகுந்தன. இரத்தம் கெட்டிப்படுவதையும் புராஸ்டேட் சுரப்பியையும் மருத்துவர் தொடர்ந்து கண்காணித்தல் வேண்டும்.

இளைஞர்க்கு ஒரு சொல். வெளியிலிருந்து இச்சுரப்பு வந்தால், மூளை விதைக்கு இடும் கட்டளை நின்றுவிடும். விந்தணு உற்பத்தி அடங்கும். ஆண்களுக்கான கருத்தடையாகவே இதனை உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்து 1990 இல் முடிவுகளை வெளியிட்டதுண்டு. ஆண்மைக்கு மருந்து என நம்பி, பிள்ளைப் பேற்றுக்குக் காத்திருக்கும் ஒருவர் உடற்பயிற்சிக் கூடத்தில் இவ்வூசி போட்டுக்கொள்வது எத்துணைப் பேதைமை! அணுக்கள் மீளப் பல மாதங்கள் ஆகலாம்.

இவற்றையெல்லாம் நண்பரிடம் எடுத்துரைத்தோம். அவர் இன்னும் முடிவு செய்யவில்லை, அவசரப்படவும் இல்லை. வரும் வாரம், சேவல் கூவும் வேளையில் சுபுஹு தொழுதுவிட்டு, வெறும் வயிற்றோடு இரண்டாம் முறை இரத்தம் கொடுக்கச் செல்கிறார். இம்முறை தம் துணைவியாரையும் உடன் அழைத்துச் செல்வதாகச் சொன்னார். அம்முடிவே நமக்குப் பெரிதும் மகிழ்வளித்தது.